எந்த லினக்ஸ் நல்ல லினக்ஸ்? உள்ளே இருக்கிற சில்லைக் கேளுங்க

"நம்ம பொட்டிக்கு எந்த லினக்ஸ் போடலாம்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "உள்ளே வைஃபை சில்லு யாரோடது?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே! பொண்ணு பார்க்கச் சொன்னா, மாப்பிள்ளையோட ரத்த குரூப்பைக் கேட்கிறானே என்று முழிப்பாங்க. :-)

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டதில் இருந்து இந்தக் கேள்வி ரொம்பவே கூடிவிட்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 கேட்கிறது. இன்டெல் பக்கம் பார்த்தால், கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மடிக்கணினிகள் காயலான் கடைக்கு வரிசையில் நிற்கின்றன. அதில் பாதியையாவது லினக்ஸ் காப்பாற்றும். ஆனா எந்த லினக்ஸ் என்பதில்தான் விஷயமே இருக்கு.

நிறைய பேர் நினைக்கிற மாதிரி டிஸ்ட்ரோக்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் ஐகான் கலரோ, மெனு மேலே இருக்கா கீழே இருக்கா என்பதோ இல்லை. அதெல்லாம் அரை மணி நேரத்தில் மாத்திக்கலாம். வன்பொருள் பண்ணின கம்பெனி "என் சில்லு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ல மாட்டேன்" என்று கதவைச் சாத்தினபோது ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் என்ன முடிவு எடுத்தது? அங்கேதான் இவங்க பிரியறாங்க. அதனால் இந்தப் பதிவு ஒரு சரித்திரப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயந்திரமா வந்து படிங்க.

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் பயனர்களுக்கு ஒரு மடல் எழுதினார். சும்மா பொழுதுபோக்குக்கு ஒரு இயங்குதளம் எழுதறேன், பெருசா ஒண்ணும் வராது என்கிற அந்தப் பிரபலமான மடல்தான். எல்லாரும் அந்தப் "பெருசா வராது" என்பதையே எடுத்துப் போட்டுச் சிரிப்பாங்க. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது கடைசியில் அவர் சொன்னது. ஏடி வகை ஹார்ட் டிஸ்க் தவிர வேற எதையும் இது எப்பவும் ஆதரிக்காமலே போகலாம், ஏன்னா என்கிட்ட இருக்கிறதே அதுதான் என்கிறார்.

அவ்வளவுதான் சமாசாரம். யார்கிட்ட எந்த வன்பொருள் இருந்ததோ, அவருக்கு அதோட பேசத் தெரிஞ்சிருந்ததோ, அதுக்கு டிரைவர் வந்தது. நாசாவின் காடார்ட் மையத்தில் இருந்த டொனால்ட் பெக்கர் 1994-ல் பேவுல்ஃப் என்று பதினாறு 486 கணினிகளை ஒண்ணா இணைத்து ஒரு கொத்துக் கணினி கட்டினார். அதுக்கு நெட்வொர்க் வேணுமே? அவர் உட்கார்ந்து எழுதிய ஈத்தர்நெட் டிரைவர்கள்தான் அந்தக் காலத்து லினக்ஸ்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்குச் சோறு போட்டன. மலிவு விலை நெட்வொர்க் கார்டு வாங்கி லினக்ஸில் சொருகினதும் வேலை செஞ்சதுன்னா, அதுக்குப் பின்னாடி ராக்கெட் விடுகிற ஆபீஸின் சம்பளம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போ எல்லாம் டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் முன்னாலேயே பூட் பிளாப்பியைத் தேர்ந்தெடுக்கணும். 1993 ஜூலையில் பாட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேரில் ஒரு பெரிய வரிசையே இருக்கும். சாதாரண ஐடிஇ ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு பிளாப்பி, ஸ்கஸி என்றால் எந்த கம்பெனி கார்டோ அதுக்கு ஒரு பிளாப்பி. சிடி டிரைவிலேயே அத்தனை ஜாதி! சோனிக்கு ஒண்ணு, மிட்சுமிக்கு ஒண்ணு, சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் மாட்டுகிற டிரைவுக்கு ஒண்ணு. காரணம் சிம்பிள். எல்லா டிரைவரையும் ஒரே கர்னலில் திணிச்சா அது பிளாப்பியில் அடங்காது. அதோட, பழைய ஐஎஸ்ஏ அட்டைகளில் "நீ யாருப்பா?" என்று கேட்கவே வழி கிடையாது. ஒரு அட்டையைத் தேடிப் போய் தப்பான இடத்தில் தட்டினா, இன்னொரு அட்டை மயக்கம் போட்டு விழுந்து பொட்டியே உறைஞ்சு போகும். ஆக, உள்ளே என்ன இருக்குன்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்தாதான் லினக்ஸ் ஏறும்.

அதைத் தாண்டி வந்தா எக்ஸ்ஃப்ரீ86. திரையில் படம் வரணும்னா மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண் எத்தனை கிலோஹெர்ட்ஸ், செங்குத்து எத்தனை ஹெர்ட்ஸ் என்று நாமதான் எழுதிக் கொடுக்கணும். மானிட்டரோடு வந்த காகிதத்தை யாரு பத்திரமா வெச்சிருந்தா? தப்பா எழுதினா மானிட்டரே கெட்டுப் போகலாம் என்று ஆவணங்களில் எச்சரிக்கை வேற. அது பூச்சாண்டி இல்லை. அந்தக் காலத்துச் சில சிஆர்டி மானிட்டர்களுக்கு நிஜமாவே ஆபத்து இருந்தது. மென்பொருள் போடறதுக்கு நெஞ்சு தைரியம் தேவைப்பட்ட காலம் ஐயா அது.

இதுவரைக்கும் வந்த கஷ்டமெல்லாம் தகவல் தெரியாததால் வந்தது. தொண்ணூறுகளின் பின்பாதியில் வந்தது வேற ரகம்.

வின்மோடம் ஞாபகம் இருக்கா மக்கா? 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் நம்ம நாட்டில் இணையச் சேவையைத் திறந்துவிட்ட பிறகு மோடத்துக்கு மவுசு வந்தது. முழுசான மோடத்தில் சமிக்ஞையை மாத்தறதுக்கு என்று தனிச் சில்லு உள்ளேயே இருக்கும். சீரியல் போர்ட்டில் சொருகி, எழுத்தில் கட்டளை கொடுத்தா எந்த இயங்குதளமாக இருந்தாலும் போன் போடும். வின்மோடத்தில் என்ன பண்ணினாங்கன்னா, அந்தச் சில்லுகளைக் கழட்டிட்டு, அந்த வேலையைக் கணினியின் தலையில் கட்டிட்டாங்க. விலை குறைஞ்சது. ஆனா மோடத்தின் பாதி இப்போ ஒரு மென்பொருள், அந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் பண்ணி வாங்கின பொட்டிகளில் உள்ளே இருந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தச் சரக்குதான்.

லூசென்ட் போன்ற சில கம்பெனிகள் பக்கமிருந்து மூடின டிரைவர் கிடைத்தது. ஆனால் அது குறிப்பிட்ட கர்னலுக்கு என்று சமைத்தது. கர்னல் கொஞ்சம் மாறினா மூஞ்சியைத் திருப்பிக்கும். ஆக, ஒருத்தர் ரெட் ஹேட் போடறதா, மாண்ட்ரேக் போடறதா என்பதை அவரோட மோடம் முடிவு பண்ணியது. அது எந்தக் கர்னலோடு ஒத்துப்போகுதோ அந்தக் கர்னல் வைத்திருக்கிற டிஸ்ட்ரோ. பொட்டிக்காரர் விருப்பத்தை யார் கேட்டா?

பிரிண்டர் கதையும் இதே பாணி. எப்சனின் கட்டளை மொழியைப் பேசிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் கர்புர்ரென்று கத்தினாலும் லினக்ஸில் சமத்தா அடிச்சுக் கொடுக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிஞ்ச விலை உயர்ந்த லேசர்களும் அப்படித்தான். நடுவில் வந்த மலிவு லேசர் பிரிண்டர்கள்தான் தொல்லை. பக்கத்தை வரையற வேலையை விண்டோஸ் டிரைவரிடம் விட்டுட்டு, கம்பெனிக்கு மட்டும் தெரிஞ்ச மொழியில் பேசும். லினக்ஸ் பிரிண்டர்களுக்கான தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் நாலு தரம் போட்டிருந்தாங்க. முழுசா வேலை செய்யும், பெரும்பாலும் செய்யும், அரைகுறையா செய்யும். நாலாவது தரத்தின் பேரு "பேப்பர்வெயிட்". :-))

கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரில் இருந்து தொடங்கிச்சுன்னு சொல்றதுண்டு. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் ஒண்ணு வந்தது. பேப்பர் சிக்கினா எல்லாருக்கும் தகவல் போற மாதிரி நிரலை மாத்தணும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மேனுக்கு ஆசை. மூலநிரல் தரமுடியாது, வெளியே சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன் என்று கார்னகி மெலனில் இருந்த ஒருத்தர் மறுத்துட்டார். ஆக, வன்பொருளுக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள இந்தச் சண்டை லினக்ஸைவிட வயசில் மூத்தது.

இந்தச் சமயத்தில் டிஸ்ட்ரோக்கள் சும்மா இல்லை. ரெட் ஹேட், பூட் ஆகும்போது புதுசா என்ன சொருகியிருக்குன்னு பார்க்கிற குட்சு என்ற நிரலைக் கொண்டுவந்தது. 1998-ல் கேல் டுவால் தொடங்கிய மாண்ட்ரேக், பென்டியம் சில்லுக்கு என்றே தொகுத்து வேகம் காட்டியது. அதனாலேயே 486 வெச்சிருந்தவங்க வெளியே நின்னாங்க. அதே மாண்ட்ரேக்கின் 9.2 பதிப்பு 2003 அக்டோபரில் வந்தபோது இன்னொரு கூத்து. நிறுவும்போது எல்ஜியின் சில சிடி டிரைவ்கள் செத்துப் போச்சு! தற்காலிக நினைவகத்தைக் காலி பண்ணு என்று சொல்கிற ஒரு கட்டளையை கர்னல் அனுப்ப, அந்த டிரைவ்கள் அதை "உன் ஃபர்ம்வேரை மாத்திக்கோ" என்று புரிஞ்சுகிட்டன. தர வரையறையில் இருக்கிற கட்டளைக்கு வேற அர்த்தம் வெச்சது டிரைவ். திட்டு வாங்கினது லினக்ஸ்.

ஆனா இந்த வரிசையில் நான் விழுந்து கும்பிடறது ஒருத்தரைத்தான். க்ளாஸ் நாப்பர். ஜெர்மனிக்காரர். 2000-ல் நாப்பிக்ஸ் என்று ஒரு சிடி கொண்டுவந்தார். ஹார்ட் டிஸ்கைத் தொடவே தொடாது. சிடியைப் போட்டா அதிலேயே முழு டெபியன் எழுந்து நிற்கும். கிட்டத்தட்ட 2 ஜிபி சரக்கைச் சுருக்கி 700 எம்பி சிடிக்குள் அடைச்சிருந்தார். அதைவிடப் பெரிய விஷயம் அதோட வன்பொருள் கண்டுபிடிக்கும் திறமை. சவுண்ட், நெட்வொர்க், திரை எல்லாத்தையும் அதுவா தேடிப்பிடித்து அதுவா அமைச்சுக்கும். திரை வரலையா? பூட் வரியில் ரெசல்யூஷனைச் சொல்லு. தொங்குதா? ஏசிபிஐயை அணை. இந்த மாதிரி ஒரு குட்டிப் பட்டியலுக்கு "சீட் கோடு" என்று பேரே வெச்சிருந்தார்.

நாப்பிக்ஸ் கொண்டுவந்த மாற்றத்தை நாம இப்போ உணர்றதே இல்லை. அதுக்கு முன்னாடி ஒரு டிஸ்ட்ரோ நம்ம பொட்டியில் வேலை செய்யுமான்னு தெரிஞ்சுக்க, இருக்கிறதை அழிச்சுட்டுப் போட்டுப் பார்க்கணும். நாப்பிக்ஸுக்கு அப்புறம், போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். கடைக்கே சிடியை எடுத்துட்டுப் போய், "அண்ணே ஒரு நிமிஷம்" என்று சொருகிப் பார்த்து லேப்டாப் வாங்கினவங்க உண்டு. நானும் அப்படி ஒரு கடையில் விற்பனையாளரின் கொலைவெறிப் பார்வையைச் சந்திச்சிருக்கேன். பொண்ணு பார்க்கப் போய் சமைச்சுக் காட்டச் சொன்ன எஃபெக்ட்.

2003 டிசம்பரில் கர்னல் 2.6 வந்தது, யுஎஸ்பி சமாசாரங்கள் சொருகினதும் எழுந்திருச்சன. 2004 அக்டோபரில் உபுண்டு. தபாலில் இலவசமாகவே சிடி அனுப்பினாங்களே, 2011 வரைக்கும்! நாப்பிக்ஸ் காட்டின வழியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அவங்கதான்.

சரி, எல்லாம் சுபம்னு நினைக்கும்போதுதான் வைஃபை வந்தது. இந்தச் சரித்திரத்திலேயே நீளமான அத்தியாயம் இது. இன்னிக்கும் பழைய லேப்டாப்புக்கு டிஸ்ட்ரோ தேடறவங்க முட்டிக்கிற இடம் இதுதான்.

மொதல்ல ஃபர்ம்வேர் என்றால் என்னன்னு பார்த்துடுவோம். டிரைவர் என்பது நம்ம கணினியின் மூளையில் ஓடுவது. வைஃபை அட்டைக்குள்ளே குட்டியா இன்னொரு மூளை உண்டு. அதுக்கும் ஒரு நிரல் வேணும். அந்த நிரலை அட்டையிலேயே நிரந்தரமா வெச்சா செலவு என்று, ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் டிரைவர் கையால் ஊட்டிவிடற மாதிரி பண்ணிட்டாங்க. அதுதான் ஃபர்ம்வேர். இது கம்பெனியின் சொத்து. மூலநிரல் கிடையாது. அப்படியே நகல் எடுத்து விநியோகிக்கவும் அனுமதி வேணும்.

இன்டெல் 2003-ல் சென்ட்ரினோவைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே லினக்ஸுக்குத் திறந்த டிரைவர் கொடுத்து, ஃபர்ம்வேரையும் விநியோகிக்க அனுமதி கொடுத்தது. பிராட்காம் அப்போ எதுவும் கொடுக்கலை. அவங்க சில்லுதான் ஏகப்பட்ட மடிக்கணினிகளில் இருந்தது. மக்கள் என்ன பண்ணினாங்க? என்டிஐஎஸ்ரேப்பர் என்று ஒரு வித்தை. விண்டோஸ் டிரைவரையே எடுத்து, "நீ விண்டோஸுக்குள்ளதான் இருக்கே" என்று ஏமாத்தி லினக்ஸில் ஓட்டறது! அசிங்கம்தான். ஆனா வேலை செஞ்சது.

இன்னொரு கூட்டம் கஷ்டமான வழியில் போச்சு. ஒரு குழு பிராட்காம் டிரைவரை அலசி ஆராய்ந்து, சில்லு எப்படிப் பேசுதுன்னு ஆவணம் எழுதியது. இன்னொரு குழு அந்த ஆவணத்தை மட்டும் படிச்சு டிரைவர் எழுதியது. நகல் அடிச்சான்னு நாளைக்கு யாரும் கேஸ் போடக்கூடாதே, அதுக்காக நடுவில் ஒரு சுவர். இப்படி வந்த டிரைவர் 2006 ஜூனில் கர்னல் 2.6.17-ல் சேர்ந்தது. ஆனா ஃபர்ம்வேர்? அதை டிஸ்ட்ரோவில் வெச்சுத் தர அனுமதி இல்லை. அதனால், கம்பெனியின் டிரைவர் கோப்பைப் பயனரே இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை மட்டும் வெட்டி எடுக்கிற ஒரு கத்தரிக்கோல் நிரலைக் கொடுத்தாங்க. அந்தக் கோப்பை இறக்க நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும், வைஃபைக்கு அந்தக் கோப்பு வேணும். கோழியா முட்டையா! 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் மனசு இறங்கி, தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவர் கொடுத்தது. பழசுக்கு அந்தக் கத்தரிக்கோல்தான் கதி.

டிஸ்ட்ரோக்கள் தனித்தனி வழியில் பிரிஞ்சது இங்கேதான். ஃபெடோரா, விநியோகிக்க அனுமதி உள்ள ஃபர்ம்வேரைச் சேர்த்துக்கும், மூடின டிரைவரைச் சேர்க்காது. உபுண்டு 2007 ஏப்ரலில் வந்த 7.04-ல் மூடின டிரைவர்களைக் கண்டுபிடித்துப் போட்டுத் தர ஒரு கருவியையே வெச்சது. "இது கட்டற்றது இல்லை, தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிட்டு, சரி என்றால் போட்டுவிடும். டிரிஸ்குவல் மாதிரி டிஸ்ட்ரோக்கள் எதிர்ப்பக்கம். மூடின ஃபர்ம்வேரைக் கர்னலில் இருந்தே சுத்தமா துடைச்சு எடுத்துட்டாங்க. கொள்கையில் அவங்களைக் குறை சொல்ல முடியாது. பல பொட்டிகளில் வைஃபை வராது, அவ்வளவுதான்.

நடுவில் மாட்டிக்கிட்டது டெபியன். 2004, 2006, 2008 என்று மூணு தடவை இந்த ஃபர்ம்வேர் விவகாரத்தை வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுபோனாங்க. 2011-ல் வந்த ஸ்க்வீஸில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைக் கர்னலில் இருந்து பிரிச்சுட்டாங்க. அதிகாரபூர்வ நிறுவியில் அது கிடையாது. ஃபர்ம்வேர் சேர்த்த இன்னொரு நிறுவி இருந்தது, ஆனா "அதிகாரபூர்வமற்றது" என்ற பட்டத்தோடு எங்கேயோ மூலையில் கிடக்கும். புதுசா வர்றவர் முகப்பில் இருக்கிறதை இறக்கி, வைஃபை வரலைன்னு டெபியனைத் திட்டிட்டுப் போவார். பத்து வருஷத்துக்கு மேல இதே கதை. 2022-ல் ஸ்டீவ் மெக்கின்டயர் இதைத் திரும்பக் கிளப்பினார். அக்டோபர் தொடக்கத்தில் முடிவு வந்தது. ஃபர்ம்வேரைச் சேர்த்த ஒரே நிறுவி, அதுக்காகச் சமூக ஒப்பந்தத்திலேயே ஒரு வரி கூட்டல். 2023 ஜூனில் டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கை தோத்துடுச்சுன்னு வருத்தப்பட்ட நல்லவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. நிறுவியே ஏறலைன்னா கொள்கையை யார்கிட்ட போய்ச் சொல்றது?

கிராஃபிக்ஸ் அட்டை கதையைச் சுருக்கமாவே சொல்றேன், இதுக்கே தனிப் பதிவு போடலாம். ஏஎம்டி 2006-ல் ஏடிஐயை வாங்கி, 2007 செப்டம்பரில் சில்லுகளின் ஆவணங்களை வெளியிட ஆரம்பிச்சது. அதன் பலனை இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கிறோம். ஏஎம்டி அட்டை என்றால் பெரும்பாலும் எந்த டிஸ்ட்ரோ என்று யோசிக்கவே வேண்டாம். என்விடியா ஆவணம் தரலை, மூடின டிரைவர் தந்தது. அதை அலசி எழுதின நூவோ டிரைவர் 2010-ல் கர்னலுக்குள் வந்தது. 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் நடுவிரலைக் காட்டினது இந்தக் கடுப்பில்தான். 2022 மே மாதம் என்விடியா புது அட்டைகளுக்குக் கர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனா ரகசியத்தில் நிறைய ஃபர்ம்வேருக்குள்ள போய் உட்கார்ந்துகிச்சு. மேல் பகுதி இன்னும் மூடினதுதான். பழைய அட்டைக்காரர்கள் கவனிக்க: ஃபெர்மி தலைமுறைக்கான 390 டிரைவரை அவங்க 2022 கடைசியோடு கைவிட்டாச்சு. அந்த அட்டை இருந்தா நூவோதான் துணை.

அடுத்து வயசு. பழசா இருந்தாலும் லினக்ஸ் ஓடும் என்று ஒரு நம்பிக்கை உலாவுது. கர்னலே 2013-ல் வந்த 3.8-ல் 386-ஐக் கழட்டி விட்டுடுச்சு. எந்தச் சில்லில் பிறந்ததோ அதையே! உபுண்டு 12.10-ல் இருந்து பிஏஇ என்ற வசதி இல்லாத சில்லுகளுக்குக் கதவு சாத்தினாங்க. முதல் சென்ட்ரினோ மடிக்கணினிகளில் இருந்த பென்டியம் எம் அதில் அடிபட்டது. ஆர்ச் 2017-ல் 32-பிட்டை விட்டது. ஃபெடோரா 2019-ல் 32-பிட் கர்னலை நிறுத்தியது. டெபியனில் 32-பிட் பொட்டிகளுக்கு நிறுவி வந்த கடைசிப் பதிப்பு 12. 2025 ஆகஸ்டில் வந்த 13-ல் அது இல்லை. ஆக, 32-பிட் பொட்டி கையில் இருந்தா டெபியன் 12, அதுக்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. இல்லைன்னா அன்டிஎக்ஸ் 23 மாதிரி சிலது.

புதுப் பொட்டிக்காரர்களுக்கு இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சனை. போன மாசம் வந்த சில்லுக்கு, ரெண்டு வருஷம் முன்னாடி உறையவெச்ச கர்னலில் டிரைவர் எப்படி இருக்கும்? அங்கே டெபியன் ஸ்டேபிளை விட ஃபெடோராவோ, உபுண்டுவின் ஆறு மாசப் பதிப்போ பொருத்தம். செக்யூர் பூட் என்று 2012-ல் விண்டோஸ் 8-ஓடு ஒரு பூதம் வந்தது. பெரிய டிஸ்ட்ரோக்கள் எல்லாம் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வாங்கின ஒரு குட்டி நிரலை முன்னாடி நிறுத்தி அதைச் சமாளிச்சாச்சு. சின்ன டிஸ்ட்ரோ என்றால் பயாஸில் போய் அணைக்கணும்.

போன தீபாவளி லீவில் அக்கா மகளுக்கு ஒரு பழைய லேப்டாப் தேத்திக் கொடுத்தேன். காலேஜ் முதல் வருஷம், புதுசு வாங்கற நிலைமை இல்லை. "மாமா, அதில் டைப் அடிச்சு அசைன்மென்ட் அனுப்ப முடிஞ்சா போதும்" என்றாள். கோர் 2 டுயோ, 4 ஜிபி ராம், கடையில் எஸ்எஸ்டி மட்டும் மாத்தினோம். முதலில் யுஎஸ்பியில் லைவாக ஒரு டிஸ்ட்ரோவை எழுப்பி, முனையத்தில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். கிராஃபிக்ஸ் இன்டெல். நிம்மதி. வைஃபை, வேற யாரு, பிராட்காம் 4312!

64-பிட் என்பதால் வயசுப் பிரச்சனை இல்லை. டெபியன் 13 போடலாம், ஆனா இந்தச் சில்லின் ஃபர்ம்வேர் விநியோக அனுமதி இல்லாத ஜாதி, டெபியன் நிறுவியிலும் இருக்காது. கத்தரிக்கோல் வேலையை நான் செஞ்சுடுவேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஹாஸ்டலில் அவள் செய்யணுமே? அதனால் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதில் டிரைவர் மேனேஜரைத் திறந்தா பிராட்காம் தெரியும், டிக் அடிச்சா வேலை முடிஞ்சது. நெட்டுக்கு என் போனைக் கேபிளில் சொருகி யுஎஸ்பி டெதரிங் போட்டேன், அது கம்பி நெட்வொர்க் மாதிரியே எழுந்தது. 2006-ல் கோழி முட்டைன்னு திண்டாடின ஆட்களுக்கு இந்த ஒரு கேபிள் கிடைச்சிருந்தா!

லைவில் இருக்கும்போதே சோதிச்ச மத்த விஷயங்கள்: மூடியை மூடித் திறந்தா தூங்கி எழுந்திருக்குதா, ஒலி ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் மாறி வருதா, மைக், கேமரா, வெளிச்சம் கூட்டற விசை, ப்ரொஜெக்டர் சொருகற துளை. தூக்கம் ஒண்ணை மட்டும் அஞ்சாறு தடவை பார்த்தேன். முதல் தடவை எழுந்துட்டு மூணாவது தடவை கருந்திரை காட்டற பொட்டிகள் இருக்கு. இது எழுந்தது.

கைரேகை படிக்கிற பட்டி மட்டும் வேலை செய்யலை. சில்லுக்காரங்க இன்னிக்கு வரைக்கும் லினக்ஸுக்கு எதுவும் கொடுக்கலை, அலசிப் பார்த்து எழுதவும் யாரும் வரலை. "அது எதுக்கு மாமா, பாஸ்வேர்டு இருக்குல்ல" என்று சொல்லிட்டு, மேலே ஒரு பூனை ஸ்டிக்கர் ஒட்டிட்டாள்.